பெட்டி ரபிளின் குரலுக்குச் சொந்தக்காரர்: பியா பெனடெரெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்க வானொலி நாடகங்களைப் பற்றி நண்பர்களிடம் பேசத் தொடங்கினால், பேச்சு எப்படியாவது பியா பெனடெரெட்டிடம் வந்து நின்றுவிடும். அவரைத் தெரியாது என்பார்கள். நான் இரண்டு கதாபாத்திரங்களைச் சொன்னதும் "அவரா!" என்பார்கள். பிறகு ஒரே மாதிரியான கேள்விகள் வரும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்து, என் பதில்களோடு இங்கே சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த பியா பெனடெரெட்? நான் பெயரே கேள்விப்பட்டதில்லையே.

அமெரிக்க வானொலி நடிகை, கார்ட்டூன் குரல் நடிகை, பின்னாளில் தொலைக்காட்சி நடிகை. 'ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூனில் பக்கத்து வீட்டு பெட்டி ரபிள் பேசியதும் சிரித்ததும் முதல் நான்கு ஆண்டுகள் இவர் குரலில்தான். ட்வீட்டி என்ற மஞ்சள் குருவியை சில்வெஸ்டர் பூனையிடமிருந்து குடையால் அடித்துக் காப்பாற்றும் பாட்டிக்கும் தொடக்க காலத்தில் குரல் கொடுத்தவர் இவரே. அந்தப் பாட்டியை அசல் ஆங்கிலத்தில் பார்த்தவர்கள் பெயர் தெரியாமலே இவரைக் கேட்டிருக்கிறார்கள்.

பெயரில் 'டெ'யை அழுத்திச் சொல்ல வேண்டும். பிறந்தது 1906 ஏப்ரல் 4, நியூயார்க்கில். காலமானது 1968 அக்டோபர் 13, லாஸ் ஏஞ்சலஸில், 62 வயதில்.

பெயரைப் பார்த்தால் அமெரிக்கப் பெயர் போலத் தெரியவில்லையே, எந்த ஊர்க்காரர்கள்?

தந்தை சாமுவேல் துருக்கியிலிருந்து வந்த செபார்டிய யூதர் (ஸ்பெயின் பகுதி யூதர்களின் வழிவந்தவர்), புகையிலை வணிகர். தாய் மார்கரெட் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கர். 1915இல் குடும்பம் நியூயார்க்கைவிட்டு நாட்டின் மறுகோடியில் இருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கே புகையிலைக் கடை நடத்தினார். மகள் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் படித்தார்.

இந்த வீட்டுச் சூழலை நான் முக்கியமாக நினைக்கிறேன். துருக்கியில் பிறந்த தந்தை, ஐரிஷ் வழித் தாய், பல நாட்டுக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுக நகரம் என்று ஒரு சிறுமியின் காதில் விழுந்த ஆங்கிலமே பல வகையானது. பின்னாளில் எந்த வட்டாரப் பேச்சைக் கொடுத்தாலும் அதை அவர் இயல்பாகப் பேசினார்.

வானொலிக்கு எப்படி வந்தார்?

சான்பிரான்சிஸ்கோவின் கே.எஃப்.ஆர்.சி. நிலையம் வழியாக. 1920களின் நடுவில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அப்போது வானொலி நிலையம் என்றால் நடிப்பவர் தனி, பாடுபவர் தனி, எழுதுபவர் தனி என்ற பிரிவெல்லாம் கிடையாது. நடித்தார், பாடினார், எழுதினார், தயாரித்தார். பெண் அறிவிப்பாளர்கள் அரிதாக இருந்த நாளில் அறிவிப்பும் செய்தார். ஏறத்தாழ பத்தாண்டுகள் இந்தப் பயிற்சி.

1936இல் ஹாலிவுட்டுக்குப் போனார். நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகங்களில் நடித்தார். 1937இல் ஜாக் பென்னியின் நகைச்சுவை நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. அமெரிக்காவே ஞாயிற்றுக்கிழமை மாலையில் காத்திருந்து கேட்ட நிகழ்ச்சி அது. அதன்பின் அவரைத் தேடாத நகைச்சுவை நிகழ்ச்சி அநேகமாக இல்லை என்றே சொல்லலாம்.

ஒரே ஆள் இத்தனை நிகழ்ச்சிகளில் நடித்தால் கேட்பவர்களுக்குச் சலிக்காதா? எல்லாம் ஒரே குரல்தானே?

ஒரே குரலாக இருந்திருந்தால் சலித்திருக்கும். 1940களில் அவர் ஏற்ற பாத்திரங்களைப் பாருங்கள். ஃபிப்பர் மெக்கீ தம்பதியின் நிகழ்ச்சியில் மேட்டுக்குடிப் பெருமாட்டி மிலிசென்ட் கார்ஸ்டேர்ஸ். கில்டர்ஸ்லீவ் நிகழ்ச்சியில் பள்ளித் தலைமையாசிரியை ஈவ் குட்வின். ஆஸி–ஹேரியட் நிகழ்ச்சியில் குளோரியா என்ற வீட்டுப் பணிப்பெண். ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேசி ஆலன் தம்பதியின் பர்ன்ஸ்–ஆலன் நிகழ்ச்சியில் பக்கத்து வீட்டு பிளாஞ்ச் மார்ட்டன். இந்த நான்கு பேரும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னால்தான் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜாக் பென்னி நிகழ்ச்சியில் வந்த தொலைபேசி ஆபரேட்டர் கெர்ட்ரூட் கியர்ஷிஃப்ட். பென்னியின் அழைப்பு வந்து சுவிட்ச்போர்டில் விளக்கு எரியும். அவருக்கு இணைப்பைக் கொடுக்காமல், பக்கத்து இருக்கைத் தோழி மேபலோடு அவரைப் பற்றியே வம்பளந்துகொண்டிருப்பார். மூக்கால் இழுத்துப் பேசும், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பேச்சு. 1945இல் ஒருமுறை வந்துபோவதற்காக எழுதிய காட்சி, கேட்டவர்கள் விரும்பியதால் ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அன்றைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை நேரடி ஒலிபரப்பு. கையில் தாள், எதிரே மைக், அரங்கில் பார்வையாளர்கள். தவறினால் திருத்த வழியில்லை. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் என்பதால், பல நிகழ்ச்சிகளை ஒரே நாளில் இரண்டு முறை முழுதாக நடித்துக் காட்டினார்கள்.

மேபலாக நடித்த சாரா பெர்னரும் இவரும் ஒருவர்தான் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

இல்லை. சாரா பெர்னர் வேறொருவர். அவரும் மிகத் திறமையான குரல் நடிகை. இருவரும் ஜாக் பென்னி நிகழ்ச்சியில் இணையாக நடித்தார்கள், இருவரும் ட்வீட்டி படங்களை எடுத்த வார்னர் நிறுவனத்தின் கார்ட்டூன்களில் பெயர் இல்லாமல் குரல் கொடுத்தார்கள். அதனால்தான் பழைய பட்டியல்களில் ஒருவரது வேலை மற்றவர் கணக்கில் ஏறிவிடுகிறது. ஏன் பெயர் இல்லை என்பது அடுத்த பதிலில்.

கார்ட்டூனில் இவர் பேசியிருந்தால் திரையில் பெயர் போட்டிருப்பார்களே? நான் பார்த்தபோது மெல் பிளாங்க் பெயர் மட்டும்தான் இருந்தது.

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். பக்ஸ் பன்னி என்ற முயலுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் தயாரிப்பாளரிடம் சம்பள உயர்வு கேட்டார். உயர்வு கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாகத் திரையில் பெயர் போடும் உரிமை கிடைத்தது. 1940களின் நடுவிலிருந்து வார்னர் குறும்படங்களில் 'குரல்: மெல் பிளாங்க்' என்று மட்டும் வந்தது. படத்தில் வேறு யார் பேசியிருந்தாலும் அவர்கள் பெயர் இல்லை.

பியா பெனடெரெட் 1943 முதல் 1955 வரை வார்னர் கார்ட்டூன்களில் பேசினார். 1944இல் வந்த ஒரு பக்ஸ் பன்னி படத்தில், சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைக் கேலி செய்து, கண்ணாடி போட்டுக்கொண்டு காதைப் பிளக்கும் குரலில் கத்தும் பள்ளி மாணவியாக அவர் பேசியதைக் கேளுங்கள். சூனியக்காரி ஹேசல் 1954இல் முதலில் பேசியது இவர் குரலில். ட்வீட்டியின் பாட்டி 1950இலிருந்து. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குத் திரையில் ஒரு வரிகூட இல்லை. மெல் பிளாங்க் மாபெரும் கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாட்டியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பியாவின் பெயரையும் நான் சேர்த்தே சொல்கிறேன். கேட்பவர்களும் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கேள்வி–பதிலைத் தொகுத்ததற்குக் காரணம்.

பாட்டிக்குக் குரல் கொடுத்தவர் ஜூன் ஃபோரே அல்லவா?

இருவரும். 1955 வரை பெனடெரெட். அதன்பின் ஜூன் ஃபோரே. ஃபோரே 2017இல் 99 வயதில் காலமாகும் முன்பு பல பத்தாண்டுகள் அந்தப் பாட்டியாகப் பேசியதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. சூனியக்காரி ஹேசலும் இப்படியே கைமாறினார். பழைய படமா புதிய படமா என்று ஆண்டைப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். தமிழ் டப்பிங்கில் பார்த்திருந்தால் நீங்கள் கேட்டது இவர்கள் இருவரையுமே அல்ல.

முதல் கணவர் யார்? அவரும் சினிமாக்காரரா?

ஜிம் பேனன். லாஸ் ஏஞ்சலஸின் கே.ஹெச்.ஜே. வானொலி நிலையத்தில் அவர் அறிவிப்பாளராக இருந்தபோது இருவரும் சந்தித்தார்கள். 1938 ஆகஸ்டில் திருமணம். மணமகளுக்கு 32 வயது, மணமகனுக்கு 27. பெண் ஐந்து வயது மூத்தவர் என்பதோடு, அந்த நேரத்தில் தொழிலிலும் அவரே முன்னே இருந்தார்.

பேனன் பிறகு திரைப்படங்களுக்குப் போனார். குதிரையும் துப்பாக்கியுமாக வரும் வெஸ்டர்ன் படங்களில், 1949–50இல் 'ரெட் ரைடர்' என்ற நாயகனாக நான்கு படங்களில் நடித்தார். இருவருக்கும் இரண்டு பிள்ளைகள்: 1940இல் பிறந்த ஜாக், 1947இல் பிறந்த மேகி. முன்னே சொன்ன அத்தனை வானொலிப் பாத்திரங்களும் இந்த இரண்டு பிரசவங்களுக்கு முன்னும் பின்னும் நடந்தவை. வானொலியில் முகம் தெரியாது. தாளைப் பார்த்துப் படிக்கலாம். படப்பிடிப்பு என்று விடியற்காலையில் கிளம்ப வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற பெண்கள் தொழிலில் நீடிக்க அந்த ஊடகம் இடம் கொடுத்தது.

விவாகரத்து எப்போது? அதனால் அவருடைய தொழில் பாதிக்கப்பட்டதா?

1950 செப்டம்பரில், பன்னிரண்டு ஆண்டு மணவாழ்வுக்குப் பிறகு. மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு மூன்று.

தேதிகளை அடுக்கிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சில் தைத்தது இதுதான். மறுமாதமே, 1950 அக்டோபர் 12 அன்று, பர்ன்ஸ்–ஆலன் நிகழ்ச்சி தொலைக்காட்சிக்கு வந்தது. முதல் சில நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாகப் போயின. சொந்த வாழ்வில் மணவிலக்குப் பெற்ற சில வாரங்களில், நாற்பத்து நான்கு வயதில், முகம் தெரியும் புதிய ஊடகத்தில் கணவனோடு செல்லச் சண்டை போடும் பிளாஞ்ச் மார்ட்டனாக வந்து நின்றார். எட்டு ஆண்டுகள், 1958இல் கிரேசி ஆலன் ஓய்வுபெறும்வரை, அந்தப் பாத்திரத்தில் இருந்தார். சிறந்த துணை நடிகைக்கான எம்மி விருதுக்கு இரண்டு முறை பரிந்துரைக்கப்பட்டார். தொழில் பாதிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

அவருக்கு நான்கு கணவர்கள் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். நீங்கள் முதல் கணவர், இரண்டாம் கணவர் என்கிறீர்களே?

நான்கு பேர் பிளாஞ்சுக்கு. பியாவுக்கு இரண்டு பேர்தான். தொலைக்காட்சியில் பிளாஞ்சின் கணவர் ஹாரி மார்ட்டனாக முதலில் ஹால் மார்ச், பிறகு ஜான் பிரவுன், பிறகு ஃபிரெட் கிளார்க், கடைசியாக லாரி கீட்டிங் நடித்தார்கள். கணவர் முகம் மாறிக்கொண்டே இருக்கும், மனைவி ஒருவரே.

1953இல் நான்காவது ஹாரி வந்த விதம் அருமையானது. பிளாஞ்ச் கோபத்தில் பூச்சாடியை ஓங்கிக்கொண்டு கணவன் தலையில் போடக் காத்திருக்கிறார். அந்த நொடியில் ஜார்ஜ் பர்ன்ஸ் உள்ளே வந்து காட்சியை நிறுத்தி, ஃபிரெட் கிளார்க் பிராட்வே நாடகத்துக்குப் போகிறார் என்று பார்வையாளர்களிடம் சொல்லி, லாரி கீட்டிங்கை அழைத்து பியாவுக்கு அறிமுகம் செய்துவைக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் மரியாதையாகப் புகழ்ந்துகொள்கிறார்கள். இப்படிப் பாராட்டிக்கொண்டிருந்தால் கணவன் மனைவி என்று யாரும் நம்பமாட்டார்கள் என்கிறார் பர்ன்ஸ். சைகை காட்டுகிறார். பூச்சாடி கீட்டிங் தலையில் விழுகிறது, கதை தொடர்கிறது. கோபம், உபசாரம், மறுபடி அதே கோபம். பியாவின் நடிப்பை ஒரே நிமிடத்தில் யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

லூசில் பால் நிகழ்ச்சியில் எத்தல் வேடம் இவருக்குத்தான் வந்ததாமே? வேண்டாம் என்றாரா?

நகைச்சுவை நடிகை லூசில் பால் தன் 'ஐ லவ் லூசி' தொடரில், லூசியின் அண்டை வீட்டுத் தோழி எத்தல் வேடத்துக்கு முதலில் நினைத்தது இவரைத்தான். இருவரும் 1948 முதல் 1951 வரை வானொலியில் ஒரே நகைச்சுவைத் தொடரில் நடித்தவர்கள். அதில் நாயகன் வேலை பார்க்கும் வங்கியின் மேலாளர் மனைவியாக பியா வந்தார். ஆனால் லூசியின் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிய 1951இல், முன்பு சொன்னபடி, இவர் ஏற்கெனவே பர்ன்ஸ்–ஆலன் ஒப்பந்தத்தில் இருந்தார். வேடம் விவியன் வான்ஸுக்குப் போய், அவர் அதில் அழியாப் புகழ் பெற்றார். 1952இல் ஒரு நிகழ்ச்சியில் மட்டும் பியா விருந்தினராக, மிஸ் லூயிஸ் என்ற மணமாகாத அண்டை வீட்டுப் பெண்ணாக வந்தார்.

இதை வைத்து அவரை 'வாய்ப்பை இழந்தவர்' என்று சோகக் கதையாக்குவது எனக்கு உடன்பாடில்லை. கையில் இருந்த பிளாஞ்ச் வேடமும் முதல் தரமானதுதான்.

பெவர்லி ஹில்பில்லீஸ் பாட்டி வேடமும் கைநழுவியதாமே?

அதற்கும் அவர் முயன்றார். பர்ன்ஸ்–ஆலன் நிகழ்ச்சிக்கு எழுதிய பால் ஹென்னிங்தான் அந்தத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை உருவாக்கினார். ஒல்லியான, முறுக்கேறிய கிழவியை மனதில் வைத்து எழுதிய வேடம். பியாவின் உடல்வாகு அதற்கு ஒத்துவரவில்லை. ஐரீன் ரையன் வந்து நடித்துக் காட்டியதைப் பார்த்ததும் "இதோ உங்கள் பாட்டி" என்ற பொருளில் பியாவே சொன்னதாக ஹென்னிங் நினைவுகூர்ந்திருக்கிறார். பியாவுக்கு அதே தொடரில் ஜெத்ரோ என்ற இளைஞனின் தாய் பேர்ல் வேடம் கிடைத்தது. அதில் அவர் செய்ததைப் பார்த்து, 1963இல் அவரையே நாயகியாக்கி 'பெட்டிகோட் ஜங்ஷன்' என்ற தொடரை ஹென்னிங் தொடங்கினார். மூன்று பெண்களோடு ரயில் பாதையோர ஓட்டலை நடத்தும் விதவைத் தாய் கேட் பிராட்லி. ஐம்பத்தேழு வயதில், முதன்முறையாக, நிகழ்ச்சியின் முதல் பெயர் அவருடையது.

பெட்டி ரபிளாக எவ்வளவு காலம் பேசினார்? நடுவில் குரல் மாறியது போல இருக்கிறதே.

1960 முதல் 1964 வரை. பிறகு அந்தக் குரல் ஜெர்ரி ஜான்சனிடம் போனது. உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ் குழு வானொலிக்காரர்களின் குழு. பெட்டியின் கணவர் பார்னியாகப் பேசியவர் மேலே சொன்ன மெல் பிளாங்க். 1961 ஜனவரியில் அவர் கார் விபத்தில் சிக்கி நினைவிழந்து கிடந்தார். சில நிகழ்ச்சிகளில் டாஸ் பட்லர் அவருக்குப் பதில் பேசினார். பிளாங்க் உடல் முழுதும் மாவுக்கட்டோடு மல்லாந்து படுத்திருந்தபோதே மைக்கை அவர் முகத்துக்கு மேல் தொங்கவிட்டு, மற்றவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பேசிப் பதிவு செய்தார்கள். அந்த நிகழ்ச்சிகளைக் கேட்டால் பார்னியும் பெட்டியும் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இரண்டாவது கணவர்?

ஜீன் ட்வாம்ப்ளி, ஒலி விளைவுக் கலைஞர். 1950களின் பிற்பகுதியில் மணந்துகொண்டார்கள். கதவு சாத்தும் ஓசை, காலடிச் சத்தம், கார் கிளம்புவது எல்லாவற்றையும் மைக்கின் எதிரே கையாலும் காலாலும் உண்டாக்குபவர் ஒலி விளைவுக் கலைஞர். ஜாக் பென்னி நிகழ்ச்சியில் அந்த வேலை செய்தவர் ட்வாம்ப்ளி. கருமியான பென்னி நிலவறையில் பூட்டிவைத்த பணத்தைப் பார்க்க இறங்கும்போது காலடி ஓசை எதிரொலிக்கும், சங்கிலி கழன்று விழும், எச்சரிக்கை மணிகள் அலறும். வசனமே இல்லாமல் நாடு சிரித்தது.

முதல் கணவர் திரையில் முகம் காட்டிய நாயகன். இரண்டாமவர் கேட்பவர் பெயர்கூட அறியாத தொழிலாளி. பெயர் போடாத வேலையின் அருமை தெரிந்த இருவர் ஒரு வீட்டில் வாழ்ந்தார்கள் என்பது எனக்கு மிகவும் நிறைவளிக்கும் செய்தி.

பிள்ளைகளில் யாராவது நடிக்க வந்தார்களா?

மகன் ஜாக் பேனன். தாயின் பெட்டிகோட் ஜங்ஷனில் சின்னச் சின்ன வேடங்களில் தொடங்கி, 1977 முதல் 1982 வரை ஓடிய 'லூ கிராண்ட்' தொடரில் நாளிதழின் துணை ஆசிரியராக நடித்துப் பெயர் பெற்றார். 2017இல் காலமானார்.

மனைவி இறந்த நான்காம் நாள் கணவரும் இறந்தார் என்று படித்தேன். இது கட்டுக்கதை மாதிரி இருக்கிறதே?

கட்டுக்கதை அல்ல. 1963இலேயே வழக்கமான பரிசோதனையில் பியாவின் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்து, பிறகு மறைந்தது. 1967இல் அது திரும்பியது. நவம்பரில் அறுவை செய்து பார்த்தபோது, அகற்ற முடியாத புற்றுநோய் என்று தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டு, 1968இல் படப்பிடிப்புக்குத் திரும்பினார். அக்டோபர் 13 அன்று காலமானார். அக்டோபர் 17 அன்று மாரடைப்பில் ட்வாம்ப்ளி இறந்தார். வடக்கு ஹாலிவுட்டின் வால்ஹல்லா கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அடுத்தடுத்து அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

இறந்த பிறகும் அவர் நடித்த நிகழ்ச்சி வந்தது என்கிறார்கள். அது எப்படி?

அவர் நோயுற்று வர முடியாதிருந்த மாதங்களில், பெட்டிகோட் ஜங்ஷனில் அவருடைய பாத்திரமான கேட் வெளியூர் போயிருப்பதாகக் கதை எழுதிச் சமாளித்தார்கள். வேறு நடிகைகள் உறவினர்களாக வந்து அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்தவர், ஆறாவது ஆண்டின் தொடக்க நிகழ்ச்சிகள் சிலவற்றில் நடித்தார். அதன்பின் உடல் முடியவில்லை.

கேட்டின் மகள் பெட்டி ஜோவுக்குக் குழந்தை பிறக்கும் நிகழ்ச்சியில் தாய் இல்லாமல் கதை நகராது. பியாவால் காமிராமுன் நிற்க இயலவில்லை, பேச முடிந்தது. வேறொரு பெண்ணுக்குக் கேட்டின் உடையை அணிவித்து, முகம் தெரியாதபடி பின்னாலிருந்து படம் பிடித்தார்கள். 1968 அக்டோபர் 26 அன்று, அவர் இறந்து பதின்மூன்றாம் நாள், அது ஒளிபரப்பானது. திரையில் முதுகு காட்டி நின்றவர் வேறொருவர். பேத்தி பிறந்த மகிழ்ச்சியைப் பேசிய குரல் பியா பெனடெரெட்டுடையது.